மேவிஸ் போன வழி

இரும்பு அறுக்கும் ரம்பத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நார்மனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். கறுப்பு சூட்டும் பாலிஷ் போட்ட ஷூவுமாக, சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, பண்ணைக்காரன் க்ராஷாவின் கேட்டில் தொங்கிய பூட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பூட்டில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அவருடைய கட்டைவிரலில் இரண்டு.

"அப்பா! என்ன பண்றீங்க?"

மகள் ஜில், ஹை ஹீல்ஸ் சேற்றில் புதையப் புதைய, வேலியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஷேவிங்."

"விளையாடாதீங்கப்பா. அம்மாவ எடுக்கிற நேரமாச்சு. ஹார்கிரேவ் காரைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்திட்டு, கைய கட்டிட்டு நிக்கிறாரு."

"ஈமக் காரியம் பண்றவருக்குக் கை கட்டி நிக்கிறதுதானே வேல. நிக்கட்டும். உங்கம்மா கார்ல வரமாட்டா."

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஹெப்பர் ஆறு இரவெல்லாம் பெய்த மழையில் பழுப்பேறி, பாதையின் ஓரத்தை நக்கிக்கொண்டு ஓடியது. ஆற்றோடு போகும் அந்த ஒற்றையடிப் பாதையின் முடிவில் சர்ச் கோபுரம் தெரிந்தது. ரோட்டில் போனால் பாலம் வரை சுற்ற வேண்டும். கேட்டின் மேல் சட்டத்தில், போன வருஷம் அவர் மனைவி மேவிஸ் பிடுங்கிப் போட்ட காசித்தும்பைச் செடிகள் காய்ந்து சரடு சரடாகத் தொங்கின. எவனோ ஒரு சீமான் அழகுக்காக இமயமலையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. இப்போது கரை முழுக்க அதுதான், வேறு எதையும் முளைக்க விடாது. பிடுங்கித் தரையில் போட்டால் வேர் மறுபடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வேர் வானத்தைப் பார்க்கும்படி எதிலாவது தொங்கவிடுவாள். கேட், வேலி, ஒருமுறை மறதியாக நார்மனின் பைக்.

புதன்கிழமைதோறும் அவளும் இன்னும் சில கிழடுகளும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிகளை இழுத்துப் போடுவார்கள். முள்ளை வெட்டுவார்கள், வழுக்கும் இடத்தில் கல் பாவுவார்கள். பிறகு நனைந்த பின்புறத்தோடு வரிசையாக உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடித்து, இதைவிடச் சந்தோஷம் உலகத்தில் இல்லை என்பார்கள். நார்மன் ஒரு புதன்கிழமைகூடப் போனதில்லை. "நம்ம தோட்டத்துல களை இடுப்பு வரைக்கும் நிக்குது. நீ ஊரான் ஆத்துல பிடுங்கு" என்று வாசலில் நின்று வழியனுப்புவார். அவள் சிரித்ததில்லை. அவருடைய எந்த ஜோக்குக்கும் அவள் சிரித்ததில்லை. அதனாலேயே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது கட்டுக்கதைப்பா" என்றாள் ஜில். "பொணம் போன வழி பொது வழியாயிடும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. அம்மாவே புதுசா சேர்றவங்ககிட்ட அதச் சொல்லிக் கிண்டல் பண்ணுவா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நார்மன் ரம்பத்தை இழுத்தார்.

அந்த வயல் முன்பு ஒரு நல்ல கிழவருடையதாக இருந்தது. போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டுவார். நடப்பவர்களை வரவேற்கிறேன் என்று தன் கையாலேயே ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார். அவர் போய்ச் சேர்ந்ததும் க்ராஷா வாங்கினான். யாரோ கேட்டைத் திறந்துபோட்டுப் போக, அவனுடைய சினை ஆடுகள் வெள்ளத்தில் இறங்கிவிட்டன. அவன் பூட்டுப் போட்டான். அதைப் பொது வழி என்று அறிவிக்கச் சொல்லி மேவிஸ் விசாரணைக்குப் போனாள். ஒரு வழி பொது வழி ஆக வேண்டுமென்றால் ஜனங்கள் அதில் உடைத்துக்கொண்டு போயிருக்கக் கூடாது, ஒளிந்து போயிருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் போயிருக்கக் கூடாது. இந்த மூன்றையும் அவள் சமையலறையில் முட்டை வேகும் நேரத்தில்கூடச் சொல்லிப் பார்ப்பாள். விசாரணையில் அந்தப் பலகையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். அன்பான கிழவர் எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டிருந்தார். அனுமதி கொடுத்த வழி பொது வழி ஆகாது. வழக்கு அங்கேயே செத்தது. மேவிஸ் வீட்டுக்கு வந்து, சுத்தமாக இருந்த பூட்ஸை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் வயிற்று வலி என்று சொன்னாள்.

கடைசி நாள் சாயங்காலம், மருந்து மயக்கத்திலிருந்து கண்ணைத் திறந்து, "கெழவா" என்றாள்.

"சொல்லு."

"என்னை ரோடு வழியா கொண்டுபோகாத. ஆத்தோரமா கொண்டுபோ. பொணம் போன வழிய எவனும் அடைக்க முடியாது."

"சரி" என்றார் நார்மன். அவள் வாய் ஓரம் லேசாகக் கோணியது. வலியா, சிரிப்பா, தெரியவில்லை. அவள் மறுபடி கண் திறக்கவில்லை. அவள் சொன்னது ஜோக்கா என்று கேட்க இனி ஆள் இல்லை.

ரம்பத்தின் பிளேடு பட்டென்று உடைந்து ஆற்றுப் பக்கம் பறந்தது.

நார்மன் வெறும் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு அந்தக் கைப்பிடியாலேயே பூட்டை அடித்தார். மறுபடி அடித்தார். கேட் முழுவதும் அதிர்ந்து காய்ந்த செடிகள் உதிர்ந்தன.

"அப்பா, போதும்பா. அப்பா!"

"இந்த ஒண்ணுதான் கேட்டா, ஜில். இத்தன வருஷத்துல என்கிட்ட இந்த ஒண்ணுதான் கேட்டா." அவர் குரல் கீச்சென்று வந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை. "மத்ததெல்லாம் அவளே செஞ்சுக்குவா."

அதற்குள் சந்து முனையில் சவப்பெட்டி வந்துவிட்டது. மேவிஸே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. மரமில்லை, கூடைபோலப் பின்னியது. ஹார்கிரேவின் கடையில் அதைப் பார்த்ததும் நார்மன், "பிக்னிக் போறா" என்று சொல்லித் தனியாகச் சிரித்துவிட்டு, வெளியே வந்து கார் பார்க்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூக்கி வந்தவர்கள் புதன்கிழமைக் கூட்டம். எல்லோரையும் சேர்த்தாலும் ஒரு நல்ல முழங்கால் தேறாது. முன்னால் ஆர்தர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசியில் ஹார்கிரேவ், மூழ்கும் கப்பலைப் பார்ப்பவர் முகத்தோடு.

"என்னப்பா, அறுத்துட்டியா?" என்றார் ஆர்தர், தோளில் பெட்டியோடு.

"பூட்டு என்னை அறுத்துடுச்சு."

"நல்லதாப் போச்சு. உடைச்சிட்டுப் போனா செல்லாது. மேவிஸ் எந்திரிச்சு வந்து உன்னை உதைப்பா."

"அப்ப எப்படித்தான்யா போறது?"

ஹார்கிரேவ் கடிகாரத்தைப் பார்த்து, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கார் தயாரா இருக்கு" என்றார், ரொம்பப் பணிவாக.

அந்தச் சமயத்தில் வயலின் அந்தப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் வந்து நின்றது. க்ராஷா இறங்கினான். பெரிய உடம்பு, மழைக்கோட்டு. வேகமாக நடந்து வந்தவன் பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். சாவிக்கொத்தை எடுத்து, பூட்டைத் திறந்து, கேட்டை வயல் பக்கமாக அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். பூட்டின் கீறல் அவன் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

"வாங்க நார்மன்" என்றான். "தாராளமா கொண்டுபோங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

ஜில் அழ ஆரம்பித்தாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

நார்மன் ஒரு எட்டு வைத்தார். ஆர்தர் நகரவில்லை.

"அனுமதி குடுத்துட்டான்" என்றார் ஆர்தர், மூச்சோடு மூச்சாக.

திறந்த கேட். அதற்கப்பால் அவள் பாவிய கற்கள் ஈரத்தில் மின்னின. இரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். நார்மனுக்கு நல்ல கிழவரின் பலகை ஞாபகம் வந்தது.

"க்ராஷா" என்றார். "கேட்டைச் சாத்துப்பா."

"என்னது?"

"சாத்திப் பூட்டு. உன் கால்ல வேணாலும் விழறேன். அனுமதி குடுக்காத. அவளுக்கு மட்டும் அனுமதி குடுக்காத."

"அப்பா, உங்களுக்கென்ன பைத்தியமா!"

"ஆமா" என்றார் நார்மன். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகியதைத் துடைக்கவில்லை. "பூட்டுப்பா. தயவுசெஞ்சு பூட்டு."

க்ராஷா அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். தொப்பியைக் கையில் திருகினான்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா என்னைக்கோ திறந்து விட்டிருப்பேன் நார்மன். அவங்க ஒரு தடவகூட கேக்கல."

"கேக்கமாட்டா."

"பொணம் தூக்கிட்டுப் போனா வழியாயிடாது. ஏறிக் குதிச்சாலும் ஆகாது. எந்த வக்கீலும் ஒத்துக்கமாட்டான்."

"தெரியும்பா."

க்ராஷா மெல்லக் கேட்டைச் சாத்தினான். பூட்டைக் கொக்கியில் மாட்டி அழுத்தினான். க்ளிக் என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு சொன்னதைத் திரும்ப வாங்குகிறவன்போல, "இது என் நிலம். யாருக்கும் அனுமதி இல்ல" என்று சொல்லிவிட்டு, நாலு அடி தள்ளிப் போய் அவர்களைப் பார்த்தபடியே நின்றான். ஒளிந்து போனதாகவும் ஆகக் கூடாதல்லவா.

அதற்குப் பிறகு நடந்ததை ஹார்கிரேவ் தன் தொழில் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். முதலில் இரண்டு கிழவர்கள் கேட்டின்மேல் ஏறி அந்தப் பக்கம் விழுந்தார்கள். குதித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆர்தரின் பேன்ட் கிழிந்தது. பெட்டியைத் தூக்கி மேல் சட்டத்தில் வைத்தபோது பின்னல் கிரீச்சிட்டது. ஒரு கணம் அது அங்கேயே நின்றது, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அந்தப் பக்கம் நின்றவரின் கால் சேற்றில் வழுக்கியது. பெட்டியின் தலைப்பக்கம் ஆற்றை நோக்கிச் சாய்ந்தது.

"ஐயோ பிடிங்க, பிடிங்க!"

நார்மன் கேட்டின்மேல் பாய்ந்து பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். வயிறு சட்டத்தில் அழுந்த, கால் தரையில் படாமல் தொங்கினார். முகம் பின்னலில் பதிந்திருந்தது. ஈரக் குச்சியின் வாசனை. புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது வரும் வாசனை. "விட்டுடாதீங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் ஜில் ஷூவை உதறிவிட்டு வெறுங்காலோடு அடிப்பக்கத்தைத் தோளால் முட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் பெட்டியின் தலை மெதுவாக உயர்ந்து நேரானது. நார்மன் நிமிர்ந்து பார்த்தபோது, வழுக்கியவரின் இடத்தில் ஒரு பெரிய மழைக்கோட்டுத் தோள் இருந்தது.

"நான் கொண்டுபோகச் சொல்லல. கீழ விழாம பிடிக்கிறேன், அவ்வளவுதான்" என்றான் க்ராஷா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"அதானே" என்றார் ஆர்தர்.

அப்படியே போனார்கள்.

அடக்கம் முடிந்ததும் எல்லோரும் பாலத்தைச் சுற்றி ரோட்டில் போனார்கள். ஊர்ப் பொது ஹால் மேஜையில் ஹாம் சாண்ட்விச்சும் டீயும் காத்திருந்தன. நார்மன் யாரிடமும் சொல்லாமல் சர்ச்சின் பின்படியில் இறங்கி, வந்த வழியே தனியாக நடந்தார். மழை விட்டிருந்தது. ஆறு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் தூக்கிப் போனவர்களின் கால்தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் பழுப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கரைப்பக்கத் தடங்களை ஆறு அதற்குள் அழித்திருந்தது.

கேட் பூட்டியிருந்தது. காய்ந்த செடிகளெல்லாம் உதிர்ந்து மேல் சட்டம் மொட்டையாக இருந்தது. ஏற முடியுமா என்று முழங்காலைத் தடவிப் பார்த்தார். கேட்டின் அடியில், சேற்றில், முழங்கால் உயரத்துக்கு ஒரு காசித்தும்பை நின்றது. குனிந்து பிடித்து இழுத்தார். பலமாக இழுக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்; ஒரு எதிர்ப்பும் இல்லாமல் வேரோடு வந்துவிட்டது. பின்னால் சாய்ந்து, சமாளித்து நின்றார். மண்ணை உதறி, வேர் மேலே பார்க்கும்படி கேட்டில் தொங்கவிட்டார்.

அதை ஒட்டியே இன்னொன்று நின்றது. அதற்குப் பின்னால், கரை நெடுக.

நார்மன் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கேட்டின்மேல் போட்டார்.