ஆனி மாதத்துச் சாட்சி

சுப்பராயலு பொய் சொன்னது ஆனி மாதம், உச்சிவெயிலில், நாலு பேர் பார்க்க. பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு கொல்லை. அதன் வடக்கு வரப்பில் நெருக்கமாகச் சவுக்கு வைத்திருந்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் காசம்மாளின் கழனி. புருசனை இழந்தவளுக்கு மிச்சமிருந்த ஒரே துண்டு அது. அந்த நெல்தான் அவளுக்கு வருசத்துச் சோறு. தை அறுப்பில் பாதிக்கு மேல் பதராகிப்போகவே, சவுக்கு நிழல்தான் பயிரைக் கெடுத்தது என்று பிராது கொடுத்தாள்.

மாசியிலேயே வந்து பார்த்திருக்க வேண்டிய பிரெஞ்சு சர்க்கார் அதிகாரியை, வீட்டில் அம்மை, சொந்தத்தில் கலியாணம் என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டவனே சுப்பராயலுதான். ஆனியில் அவர் தொப்பியும் தானுமாக வந்து இறங்கினார். பொழுது வடக்கே ஏறி நின்றது. நிழல் முழுக்கச் சுப்பராயலு பக்கமே கிடந்தது. மார்கழியில் பொழுது தெற்கே போயிருக்கும், அப்போது வந்து பாருங்கள் என்று காசம்மாள் கெஞ்சினாள். மரம் இடம் மாறிவிடுமா என்று அவர் சிரித்துவிட்டு, அப்படியா என்று சுப்பராயலுவைக் கேட்டார்.

"எப்பவும் இப்டித்தான் முசே. நெழலு எம் பக்கந்தான்."

மாடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த சங்கதி. கூட நின்ற குடியானவர்களுக்குத் தெரியாதா? தெரியும். நமக்கெதற்கு வம்பு என்று தரையைப் பார்த்தார்கள், மகராசன்கள். பிராது தள்ளுபடியானது.

இன்னும் கொஞ்ச காலம் நின்றால் மரம் நல்ல விலைக்குப் போகும் என்கிற ஆசைதான். ஆனால் சூரியன் யாருக்காகவாவது நிற்குமா? ஆவணி கழிந்ததும் நிழல் வரப்பேறியது. ஐப்பசியில் அவள் பயிரின் மேல் போய்ப் படுத்தது. கார்த்திகையில் சுப்பராயலுவுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக்கு என்ன என்று கேட்ட பெண்டாட்டி செங்கமலத்தின் மேல் எரிந்து விழுந்தான். மரத்தை வெட்டிவிடலாம் என்று கோடாலியை எடுப்பான்; வெட்டினால் சொன்னது பொய் என்று ஊர் பேசுமே என்று வைத்துவிடுவான். ஊருக்குத்தான் அது முன்னமே தெரியுமே, மடப்பயல்!

பொங்கலும் வந்தது. அவரவர் நிலத்தில், பானைமேல் வெயில் படும்படி பொங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். சுப்பராயலு வீட்டார் கொல்லையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். காசம்மாள் பானையும் கையுமாக வரப்பில் வந்து நின்றாள்.

"தம்பி, என் கழனில வெயிலே வுழல. உன் பக்கம் ஓரமா பொங்கிக்கட்டுமா?"

குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் பின்னால் கதிரெல்லாம் வெளிறி நிமிர்ந்து நின்றன. மணி பிடித்திருந்தால் தலை சாய்ந்திருக்கும். அவனுக்கு அவமானமாக இருந்தது, அழுகை வந்தது.

"யக்கா, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். நாளைக்கே எல்லாத்தையும் வெட்டிடறேன்."

"வெட்டு," என்றாள். "அடுத்த தைக்கு நெல்லு வெளையும். அதுவரிக்கும் நான் இன்னாத்த துன்றது?"

கேட்டுவிட்டு அடுப்புக்குக் கல் தேடக் குனிந்தாள். அந்நேரம் பார்த்து அவன் வீட்டுப் பானை பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டியவன் அவன். செங்கமலமும் பிள்ளைகளும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.