சொந்த ஜனத்துக்கு முதல் கேள்வி

மின்சாரத்துக்கும் நிலத்துக்கும் சேர்த்து ஒரே ஆணையரைப் போடுவது என்று அரசாங்கம் முடிவு செய்ததிலிருந்தே மேட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. மேட்டுக்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மின்வாரியத்தில் கடைநிலைப் பொறியாளராகச் சேர்ந்து தலைமைப் பதவி வரை போனவர் அவர். ஆனால் பிறந்தது, அணைக்காகக் கிளப்பப்பட்ட மேட்டு ஜனத்தில். அலுவலகத்தில் எவனோ ஒட்டவைத்த பெயர் ஓய்வுக்குப் பிறகும் உரிந்தபாடில்லை. ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் மூவர் குழுவில் அவரைச் சேர்த்ததும் அந்தப் பெயருக்காகத்தான். தகுதி தெரிந்து கூப்பிட்டார்கள் என்று அவர் மனைவி மட்டும் நம்பினாள், பாவம்.

புது ஆணையரின் மேசைக்கு வரப்போகும் முதல் கோப்பு எதுவென்று ஊருக்கே தெரியும். இரண்டாவது அணை. கையெழுத்து விழுந்தால் மேட்டில் மிச்சமிருக்கும் ஒரே ஊரும் தண்ணீருக்குள் போகும். அந்த ஊரில் அவருடைய அக்கா இருந்தாள். முதல் அணைக்கு ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டு, மேலே ஏறிப்போய் இன்னொரு வீட்டைக் கட்டியவள். இதை மறைக்கக் கூடாது என்று குழுவின் முதல் கூட்டத்திலேயே அவர் சொல்லிவிட்டார். "அதுக்குத்தானே சார் உங்களைப் போட்டிருக்கு!" என்று தலைவர் சிரித்தார். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சிரிப்பில் தாராளமான மனிதர்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி மின்வாரியப் பொறியாளர், மேட்டு ஜனத்தில் பிறந்தவள்; அவள் அம்மா இன்னும் அந்தக் கடைசி ஊரில்தான் இருந்தாள். மண்ணைப் பற்றியும் தனியாகப் படித்தவள். இரண்டாவது அணையை நிரப்ப அந்த ஆற்றில் தண்ணீரே கிடையாது என்று கணக்குப் போட்டு, வாரியத்துக்குள்ளேயே எழுதிக்கொடுத்து, அதற்காகத் தூக்கியடிக்கப்பட்டவள். இன்னொருவர் நிர்வாகி. துறைமுகம், சிறைச்சாலை, அருங்காட்சியகம் என்று எங்கே போட்டாலும் கெட்ட பெயர் வாங்காதவர். நல்ல பெயரும் வாங்கியதில்லை, அது வேறு விஷயம்.

அந்தக் குழுவில் எங்கும் எழுதிவைக்காத ஒரு வழக்கம் இருந்தது. வந்திருப்பவர் உறுப்பினருக்கு உறவோ சொந்த ஜனமோ என்றால், முதல் கேள்வியை அந்த உறுப்பினரே கேட்க வேண்டும். அதுவும் குத்துகிற கேள்வியாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாரபட்சம் இல்லை என்று மற்றவர்கள் நம்புவார்கள். நிர்வாகியும் நீதிபதியும் வாரம் தவறாமல் ஒரே கிளப்பில் சீட்டாடுகிறவர்கள். ஆனால் சீட்டு இந்தக் கணக்கில் சேராது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

மேட்டுக்காரர் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தார். எல்லோர் மனதிலும் இருக்கிற முள்ளைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டால் அப்புறம் அவளை யார் என்ன சொல்ல முடியும்? 'கணக்குச் சரியாக இருந்தால் போடுவேன், இல்லாவிட்டால் யார் நிலமானாலும் போட மாட்டேன்' என்று அவள் பதில் சொல்வாள். மேசை வாயடைத்துப் போகும். அப்படித்தான் நினைத்தார்.

குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கிற அறை. குழுவின் மூன்றாவது உறுப்பினரான பேராசிரியை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். பொறியாளர் வந்து உட்கார்ந்ததும் மேட்டுக்காரர் முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"உங்க அம்மா குடியிருக்கற நிலத்தை எடுக்கற கோப்பு வருது. கையெழுத்துப் போடுவீங்களா?"

அவள் ஒரு நொடி அவரையே பார்த்தாள்.

"போட மாட்டேன் ஐயா. மறுக்கவும் மாட்டேன். எங்க ஊர்க் கோப்பை நான் தொடக் கூடாது. இன்னொரு அதிகாரிகிட்ட ஒப்படைச்சிருவேன். சட்டமும் அதைத்தான் சொல்லுது."

நேர்மையான பதில். அதுதான் வினையாகப் போயிற்று. பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா உங்க மேசைக்கு வர்ற முதல் கோப்பையே நீங்க தொட முடியாது. இல்லையா?"

"அந்த ஒண்ணை மட்டும்தாம்மா."

"அந்த ஒண்ணுக்காகத்தானே இப்ப ஆளே தேடறோம்?"

வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்ட மேட்டுக்காரர் இந்த ஒரு கணக்கைக் கோட்டைவிட்டிருந்தார். அதற்குப் பிறகு ஆறு, மண், மின்கம்பி என்று என்னென்னவோ கேட்டார்கள். அவள் தங்குதடையில்லாமல் சொன்னாள். ஒருவரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்து நிர்வாகி வந்தார். ஒரு மெகாவாட்டுக்கு எவ்வளவு நிலம் தேவைப்படும் என்று பேராசிரியை கேட்டதற்கு, "நிபுணர்களைக் கலந்துக்காம நான் எந்த முடிவும் எடுக்கறதில்லை" என்றார். கழுவுற மீனில் நழுவுற மீன். நீதிபதி தலையை ஆட்டி ரசித்தார்.

மேட்டுக்காரரின் முறை வந்தது. உங்கள் நிலம் போனால் கையெழுத்துப் போடுவீர்களா என்று இவரையும் கேட்டுவிட நாக்கு துடித்தது. கேட்டால், தன் ஆளுக்காக வஞ்சம் தீர்க்கிறான் என்பார்கள். விழுங்கிவிட்டு, "மேட்டுப் பக்கம் போயிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"போகாம என்ன சார்! போன வருஷம் குடும்பத்தோட போனோம். அந்த நீர்த்தேக்கத்துல படகு விடறாங்க. அருமையான இடம்!"

எல்லோரும் புன்னகைத்தார்கள். மேட்டுக்காரர் பிறந்த வீடு அந்தப் படகுகளுக்குக் கீழேதான் கிடக்கிறது. அவரும் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் பேசினார்கள்.

"தகுதி அந்தப் பொண்ணுக்குத்தான் ஜாஸ்தி. இல்லைன்னு யாரு சொன்னா?" என்றார் பேராசிரியை. "ஆனா அவளைப் போட்டா, மேட்டு ஜனம்கறதுக்காகப் போட்டோம்னு சொல்லுவாங்க. அவ தகுதிக்கே அது அவமானம் இல்லையா?"

அவமானம் வரக்கூடாது என்று வேலையே கொடுக்காமல் இருப்பது. எவ்வளவு கரிசனம் பாருங்கள்!

"மின்சாரத்துக்கும் நிலத்துக்கும் ஆணையர்மா. ரெண்டுல ஒண்ணாவது தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்றார் மேட்டுக்காரர்.

"தெரிஞ்சிக்கலாம் சார்," என்றார் நீதிபதி. "நடுநிலைமையை அப்படிக் கத்துக்க முடியாது."

"நிலத்தைப் பறிகொடுத்தவன் கட்சிக்காரன், அந்த மின்சாரத்துல குளுகுளுன்னு உக்காந்திருக்கறவன் நடுநிலையா?"

வாய் தவறி வந்துவிட்டது. நீதிபதி கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"அந்தக் கேள்வியைக் கேட்டதே நீங்கதானே சார்? உங்க ஜனத்துல பிறந்த நீங்களே சந்தேகப்பட்டப்புறம் நாங்க என்ன சொல்ல முடியும்?"

தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய் முறையிடுவது? இரண்டுக்கு ஒன்று என்று தன் மறுப்பைத் தனியாக எழுதிவைத்திருக்கலாம். ஆனால் அந்த ஒன்று யார், ஏன் என்று ஊரெல்லாம் பேசும். அவளுக்கும் அது கெடுதல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒருமனதாக என்ற வார்த்தைக்குக் கீழே அவருடைய கையெழுத்தும் விழுந்தது. "உங்க மாதிரி ஆளுங்கதான் சார் வேணும். அடுத்த குழுவுக்கும் உங்க பேரையே சொல்றேன்" என்று நீதிபதி தோளில் தட்டினார்.

வெளியே நடைக்கூடத்தில் அவள் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். எழுந்து நின்று, உள்ளே ஐயா என்று சொன்ன அதே வாயால், "சித்தப்பா" என்றாள். மேட்டில் பெரியவர்களைக் கூப்பிடுகிற முறை அது.

"அதே கேள்வியை அவரையும் கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

அவர் கையெழுத்துப் போட்ட பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவள் அதற்குமேல் நிற்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வாகனம் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் போன் அடித்தது. அக்கா.

"என்னடா, நம்ம பொண்ணுதானே?"

"இல்லக்கா. வேற ஒருத்தர்."

"நீ உள்ளதானேடா இருந்தே?"

"இருந்தேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்கிற சாதாரணக் குரலில் அக்கா கேட்டாள்:

"அப்ப கூரை ஓடுகளை இப்பவே பிரிக்க ஆரம்பிக்கட்டுமா? போன தடவை தண்ணி வந்தப்புறம் பிரிச்சதுல பாதி உடைஞ்சு போச்சு."

"பிரி அக்கா" என்றார் அவர்.