உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்

எங்கள் மொத்த விற்பனை மருந்துக் கடையின் ஞாபகசக்திக்குத் திருடன் போட்ட விலை நாற்பதாயிரம் டாலர். காலையில் வந்து பார்த்தால் எல்லாக் கணினித் திரையிலும் ஒரே மிரட்டல்: கணக்கையெல்லாம் பூட்டிவிட்டேன், பணம் கட்டினால்தான் திறப்பேன். சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. முகமில்லாதவனிடம் எப்படிப் பேரம் பேசுவது?

கணக்குக்கு நகல் எடுத்து வைத்த பேக்கப் எங்கே என்று மச்சானைக் கேட்டேன். என் மனைவியின் தம்பி. கணினி அவன் பொறுப்பு. தினமும் கழற்றி மாட்டினால் தேய்ந்துவிடும் என்று பேக்கப் டிஸ்க்கை வருஷம் முழுக்கக் கணினியிலேயே செருகி வைத்திருந்தானாம். அதுவும் பூட்டிக் கிடந்தது.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. புதுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு எங்களைத் தயார்படுத்த வந்த ஆலோசகர் அம்மா, கணினி விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழுவீர்கள் என்று போன மாதம் கேட்டார். எட்டு என்றேன். மருந்துக் கடைக்கு இரண்டுக்கு மேல் தாங்காது என்றார்.

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நாலுன்னு போடுங்க."

"ஐயா, இது விலை இல்ல. கணினிய ஒருநாள் நிறுத்திப் பாத்துட்டு எழுதணும்."

பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

பத்தரைக்கு மருந்துக் கம்பெனியிலிருந்து போன். குழந்தைகளுக்கான வலிப்பு மருந்தில் போன வாரம் வந்த சரக்கு மும்மடங்கு வீரியமாம். ஒரு வேளை கொடுத்தாலே ஆபத்து. இருநூற்று நாற்பது பாட்டில். கிடங்கில் ஒன்றுகூட மிச்சமில்லை. எந்தெந்தக் கடைக்குப் போயின என்பது பூட்டிய கணினிக்குத்தான் தெரியும்.

"பணத்தைக் குடுத்துத் தொலைச்சிடலாம் மாமா" என்றான் மச்சான். ஆலோசகர் அம்மாவுக்குப் போன் போட்டேன். கொடுத்தாலும் இன்றைக்குள் திறக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, பேனாவும் தாளும் எடுங்கள் என்றார். ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. அதுதான் குத்தியது.

கடைக்காரர்களின் நம்பர்கூடக் கணினியில்தான். கடைகளுக்குச் சரக்குப் போடும் எங்கள் வேன் டிரைவரின் போன் காப்பாற்றியது. அதில் 'நாய்க்கடை', 'சில்லறை இல்லை', 'கடுகடு' என்று அவன் வைத்த பட்டப்பெயர்களில் அறுபத்திரண்டு கடைகள். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு கூப்பிட்டோம். மருந்தைத் திரும்பக் கேட்டதும் பாதிப்பேர் ஸ்டாக் இல்லை என்றார்கள். என் ஜாதகம் அவர்களுக்குத் தெரியும். விலை ஏறப்போகிறது, அதனால்தான் அள்ளுகிறேன் என்று பதுக்கினார்கள்.

"எவ்ளோ ஏறுது? உண்மையச் சொல்லுங்க மொதலாளி" என்றார் கடுகடு.

"ஏறல. புள்ளைங்க செத்துடும்யா. இருக்கறதக் குடுத்துடு, ரெண்டு பங்கு விலை தரேன்."

நானே விலையைக் கூட்டிச் சொன்னதும்தான் அவர் பயந்தார். பன்னிரண்டு பாட்டில் வெளியே வந்தது. அதன்பின் எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

விற்றுப்போனதற்குக் கடைக்காரர்கள் சொன்ன பெயர்களை வைத்து வேனில் வீடு வீடாகவும் போனோம். ஒரு தாய் கரண்டியில் ஊற்றிவிட்டிருந்தாள். மச்சான் கேட்காமலே தட்டிவிட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தாளில் இருந்தது இதுதான். வந்தது இருநூற்று நாற்பது. கடைகளில் பிடித்தது இருநூற்றுப் பதினெட்டு. வீடுகளில் பிடித்தது பத்தொன்பது. வாங்கியவர் பெயர் கேட்காமல் விற்றது மூன்று.