வட்டத்துக்குள் மூன்று புள்ளிகள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடையாறே கொஞ்சம் கண் செருகும். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ஐரின் மட்டும் விழித்திருந்தாள். கையில் கிருமி வளர்க்கும் ஒரு தட்டு. தங்கை ஜூலியட்டின் பத்து நாள் குழந்தையின் இரத்தத்தில் பிடிபட்ட ஈஸ்ட் பூஞ்சை, பால் தெளித்த மாதிரி அதில் பரவியிருந்தது. நடுவே மருந்து வில்லை, அதைச் சுற்றித் தெளிவான வட்டம். மருந்துக்கு ஈஸ்ட் அடங்குகிறது என்று அர்த்தம்.

நேற்று வட்டத்துக்குள் லேசான மங்கல் தெரிந்தது. வெறும் மங்கலைப் பொருட்படுத்தாதே என்பது இந்தத் தொழிலின் பாடம். ஐரினும் பொருட்படுத்தாமல் 'மருந்துக்குக் கேட்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தங்கைக்கும் சொல்லிவிட்டாள். சாந்தோம் கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றியாகிவிட்டது.

இன்று அதே இடத்தில் மருந்துக்கு அடங்காமல் வளர்ந்த மூன்று வெள்ளைப் புள்ளிகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

அவற்றையே பார்த்திருந்தவளுக்கு ஏ.சி. இரைச்சல் கடல் இரைச்சலாகி, கோடானுகோடி செல்கள் மிதந்து வந்தன. ஒவ்வொன்றும் தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டே இருந்தது. எங்கோ ஒன்று, தூக்கக் கலக்கத்தில் எழுதியதுபோல, தன் மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டது. அவ்வளவுதான். மருந்து போய் உட்கார வேண்டிய புரதம் சற்றே கோணிக்கொண்டது. மருந்துக்கு அங்கே இடமில்லை. அந்தப் பிழையை மருந்து உண்டாக்கவில்லை. மற்றவற்றை அடக்கி, அதற்கு வீட்டைக் காலிசெய்து கொடுத்தது. என்ன ஒரு உபகாரம்!

ஐரின் தட்டைக் கீழே வைத்தாள். வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் அது மங்கல்தானா என்று லென்ஸ் வைத்துப் பார்த்திருப்பாள். நல்ல சேதி சொல்ல அவசரப்பட்டுவிட்டாள்.

குழந்தையின் டாக்டர் ஜுவேரியாவைக் கூப்பிட்டாள். "என் ரிப்போர்ட் தப்பு டாக்டர். உடனே மருந்த மாத்துங்க."

கால் மணி நேரத்தில் வேறு வகை மருந்து ஏறத் தொடங்கியது. வராந்தாவில் நின்ற ஜூலியட்டிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"வேற யாராவது பாத்திருந்தா நேத்தே கண்டுபிடிச்சிருப்பாங்களாக்கா?"

பொய் சொல்ல மனசு துடித்தது. "கண்டுபிடிச்சிருப்பாங்க."

ஜூலியட் உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் முகம் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் போன் வந்தது.

"பாப்பா ரத்தத்துல இப்ப ஒண்ணும் இல்லன்னு உங்க லேப் எரிக் சார் சொல்றாரு." பேசியது ஜூலியட். "நீ ஒருவாட்டி பாத்து சொல்லுக்கா. அப்பதான் நம்புவேன்."