சுவரில் தொங்கிய அடுத்த வருஷம்

பாலகுரு வீட்டுச் சுவரில் எப்போதும் அடுத்த வருஷம்தான் தொங்கும். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் அவன் மிஷின்மேன். ஆடி கழிந்ததும், மை கலங்கிப்போன மாதக் காலண்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுவான். இந்த 2007 செப்டம்பரிலும் அப்படித்தான். நடப்பு வருஷம் பரணில் ஏறிவிட, 2008 கம்பீரமாகத் தொங்கியது.

அதில் செப்டம்பர் தாளைப் புரட்டி, பன்னிரண்டாம் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள் அவன் மனைவி வேல்விழி. போன மாதம் அவளுடைய பட்டாசுக் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. கர்ப்பப்பை வாயில் வினிகர் தண்ணீர் தொட்டுப் பார்த்த நர்ஸ், "ஒரு இடம் வெள்ளையாத் தெரியுதுக்கா. பின்னால கேன்சரா மாறாம இருக்க..." என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு வேல்விழியின் காதில் எதுவும் ஏறவில்லை. 'அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளி, டாக்டர் வருவார்' என்ற சீட்டு மட்டும் கையில் மிஞ்சியது.

அன்றிலிருந்து அவள் புருஷனுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். பிறகு வாய்விட்டே கேட்டாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு ஆயிட்டா பத்திரகாளியக் கட்டிக்கிடுதீகளா? நல்ல குணம்."

"உங்கூட லேபிள் ஒட்டுத பத்திரகாளியா? அவ குறட்டை சாத்தூர் வரைக்கும் கேக்குமே!"

"அவ குறட்டை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆத்தாடி! கம்பெனி வேன்ல தூங்கிட்டு வருவான்னு நீதான புள்ள சொன்ன?"

அடுத்த மூன்று நாளும் பாலகுரு தானே ரசம் வைத்துச் சாப்பிட்டான்.

தீபாவளி சீசன். 'அக்கா மகளுக்குச் சடங்கு' என்று கம்பெனி ஃபோர்மேன் தங்கச்சாமியிடம் பொய் சொல்லி ஒரு நாள் லீவு வாங்கினாள். பன்னிரண்டாம் தேதி இருவரும் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனால், வராந்தாவே காலி. முகாமுக்கு வந்திருந்த நர்ஸ் ஆஷ்லின் மட்டும் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, டாக்டர் வெள்ளிக்கிழமைதான வருவாங்க?"

"இன்னைக்குப் பன்னெண்டுதான சிஸ்டர்?"

"பன்னெண்டுதான். ஆனா புதன்."

வேல்விழி மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள். "நம்ம வீட்டுச் சுவத்துல வெள்ளின்னு இருக்கு."

"அது அடுத்த வருசத்து வெள்ளி" என்றான் பாலகுரு, வராந்தாத் தூணோடு ஒட்டிக்கொண்டு.

"சாமியே வேண்டாம்னு திருப்பி அனுப்புது. வாங்க போவம்." வேல்விழி வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

ஆஷ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. வெள்ளிக்கிழமைன்னா எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இன்னைக்கு இருக்கு. வெள்ளையாத் தெரிஞ்சா கேன்சர்னு அர்த்தம் இல்ல. சிலருக்கு ஒண்ணுமே இருக்காது. சிலருக்கு, கவனிக்காம விட்டா பல வருசம் கழிச்சு கேன்சரா மாறக்கூடியதா இருக்கும். டாக்டர் லென்ஸ் வச்சுப் பாப்பாங்க. தேவைன்னா அந்த இடத்தை உறைய வச்சு அழிச்சிருவாங்க. கால் மணி நேரம்தான். வராம விடுததுதான் ஆபத்து."

வேல்விழி யோசித்தாள். "அப்போ, திரி பத்துததுக்கு முந்தியே தண்ணி ஊத்துத மாதிரி?"

"அதேதான்!"

"அப்போ பத்திரகாளி?" என்றான் பாலகுரு.

"அவ தூங்கட்டும்."

மறுநாள் தங்கச்சாமியிடம் உண்மையைச் சொல்லி லீவு கேட்டாள். "இத மொதல்லயே சொல்ல வேண்டாமா தாயி? சடங்குக்குன்னு எம்பொண்டாட்டி சேலையெல்லாம் தேச்சு வச்சிட்டா" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கேன்சர் இல்லை, அதற்கு வெகு முந்தைய மாற்றம்தான் என்று சொல்லி அன்றைக்கே குளிர் சிகிச்சையும் செய்துவிட்டார். வெளியே வந்ததும் ஆஷ்லின் பாடம் நடத்தினாள். "கொஞ்ச நாளைக்கு வெள்ளைப்படுத மாதிரி தண்ணியாப் போகும், பயப்படாதீக. காய்ச்சல், ரொம்ப ரத்தம்னா உடனே வாங்க. ஒரு மாசம் ரெண்டு பேரும் தள்ளிப் படுக்கணும்."

பாலகுரு மின்விசிறியைத் தீவிரமாக ஆராய்ந்தான்.

"அண்ணனுக்குக் கேட்டுச்சா?"

"வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்டுச்சும்மா."

"ஒரு வருசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அடுத்த செப்டம்பர், ரெண்டாம் வெள்ளி. மறக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் பாலகுரு பரணில் ஏறி 2007-ஐ இறக்கினான். 2008-ஐக் கழற்றக் கை நீட்டியபோது வேல்விழி தடுத்தாள். அவள் விரல் சிவப்பு வட்டத்தின்மேல் இருந்தது.

"ரெண்டாம் வெள்ளிதான இது?"

பாலகுரு தாளை உற்றுப் பார்த்தான். "அட, ஆமா!"

"அப்போ கெடக்கட்டும். நடுவுல 2009-ஐக் கொண்டாந்து இதக் கழட்டுனீக..."

"கழட்டுனா?"

"பத்திரகாளிகூடக் கிடையாது உங்களுக்கு."