தினம் பத்து ஃபோன்

என் வீட்டுக்காரர் லால் பாஷா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வருவார். எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். அந்த ஏழு மணி நேரமும் எங்கள் வீட்டில் ஒரு கரண்டி கீழே விழக்கூடாது. மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் போகும் வழியில் வரிசையாக இருந்த ஆறு வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. ஒரு அறை, ஒரு சமையலறை. அதில் ஒரு மனிதர் பகலில் தூங்க வேண்டும், ஒரு பெண் வியாபாரம் செய்ய வேண்டும். எந்தப் புத்திசாலி இப்படித் திட்டம் போட்டான் என்று கேட்டால், நாங்கள்தான் போட்டோம்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அவருக்கு பிரஸ் மிஷினில் வேலை. தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், காலால் மிதிக்க வேண்டும். கை வெளியே வருவதற்குள் கால் மிதித்துவிட்டால் அவ்வளவுதான். அவர்கள் ஷெட்டில் இரண்டு பேருக்கு விரல் போயிருந்தது. தினமும் காலையில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு.

நைட்டி தைத்து விற்கும் யோசனை என்னுடையது. கடையில் ஆம்பிளைகளிடம் போய் நைட்டி கேட்கக் கூச்சப்படும் பெண்கள் ஓசூரில் நிறையப் பேர் இருந்தார்கள். பெங்களூர் சிக்பேட்டையில் துணி எடுத்து வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நம்பர் போட்டேன். இப்படி ஐந்து நோட்டு. ஹவுசிங் போர்டில் ஒன்று, பேங்க் குவார்ட்டர்ஸில் ஒன்று, நர்ஸம்மாக்கள் தங்கியிருந்த வீட்டில் ஒன்று, மற்ற இரண்டும் கம்பெனி குவார்ட்டர்ஸில். நோட்டைப் பார்த்து, 'பன்னிரண்டாம் நம்பர், ரெண்டு, பெரிய சைஸ்' என்று ஃபோனில் சொன்னால் போதும். நாலாம் நாள் நைட்டி வீட்டுக்கே போய்விடும். சாயங்காலம் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் அவரே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

"தினம் பத்து ஃபோன் வந்தாப் போதும் வஜிஹா" என்றார் அவர், சிகரெட் அட்டையின் பின்னால் எதையோ எழுதிப் பார்த்துவிட்டு. "பிரஸ்ஸ விட்டுட்டு உங்கூட உக்காந்து பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருப்பேன்."

எங்களுக்கு ஏது ஃபோன்? பதிந்து வைத்தால் வர நாலைந்து வருஷம் ஆகும் என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரி ஜோதியக்காவிடம் இருந்தது. அவள் வீடு எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் பின்னால். நோட்டு அட்டையில் அவள் நம்பரைப் போட்டு, அடுத்த வீட்டு ஃபோன் என்று தெரிவதற்காகப் பக்கத்தில் பி.பி. என்று எழுதினேன். ஜோதியக்கா நல்லவள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஃபோன் பேசுவாள். மூன்றிலும் ஒரே சத்தம்தான்.

முதல் நாளே, "ஏ வஜிஹா! ஃபோனு!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் இவர் பாயிலிருந்து துள்ளி எழுந்தார். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் நான் துணி காயப்போடும் கயிற்றை அவள் ஜன்னலிலிருந்து எங்கள் ஜன்னலுக்கு இழுத்துக் கட்டி, என் பக்கத்து நுனியில் ஒரு சிவப்பு நைட்டித் துண்டைத் தொங்கவிட்டேன். ஃபோன் வந்தால் அக்கா கயிற்றை இழுப்பாள். துணி ஆடும். நான் பின்வாசல் வழியாக ஓடுவேன். சத்தமே இல்லை. அந்த மூளைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கயிறு வந்ததும் ஜோதியக்காவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் இழுப்பாள். காப்பித் தூள் தீர்ந்துவிட்டால் இழுப்பாள். கரண்டு அங்கே இருக்கிறதா என்று கேட்கக்கூட இழுத்திருக்கிறாள். ஃபோன் கொடுப்பவளிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? ஒவ்வொரு தடவையும் ஓடினேன்.

இரண்டாம் வாரம் அவர் தன் பாயை இழுத்து, சமையலறை வாசலைப் பார்த்தபடி போட்டுக்கொண்டார். "முன் ஜன்னல் வெளிச்சம் மூஞ்சில அடிக்குது" என்றார். முழங்கையை மடித்துக் கண்ணின்மேல் போட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார். நான் அவரைத் தாண்டித் தாண்டிப் போவேன், பூனை மாதிரி. பகலில் வெட்டுவேன், அவர் கம்பெனி பஸ் ஏறிய பிறகு தைப்பேன். எப்போது தூங்கினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். இரண்டு மாதம் இப்படி ஓடியது. இவராவது நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு காலையில் அவர் உள்ளே வருவதற்குள் கங்கப்பன் வாசலில் வந்து நின்றான். அவரோடு அதே ஷெட்டில் வேலை செய்பவன். இவர் தெருக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றான் மெதுவாக. "அண்ணன் பகல்ல தூங்கறாரா இல்லியா? மிஷின் முன்னாடியே கண்ணு சொருவுது. நேத்து நான் தோளப் புடிச்சி இழுக்கலன்னா கை போயிருக்கும்."

இவர் உள்ளே வந்தார். கையைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். எத்தனை நாளாகப் பார்க்காமல் விட்டேனோ, கண்கள் குழிக்குள் போயிருந்தன.

அவர் படுத்ததும் நேராக ஜோதியக்காவிடம் போனேன். "யாரு கேட்டாலும் கடையை மூடியாச்சுன்னு சொல்லிடுக்கா" என்றேன்.

"ஏம்மா, இப்பத்தானே சூடு புடிக்குது?"

"அவரு தூக்கம்தாங்க்கா எனக்குப் பெருசு."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதம் ஓடிய ஓட்டம் அத்தனையும் வீண். திரும்பி வந்து கயிற்றிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். வெட்டாமல் கிடந்த துணியைத் தொடவில்லை. எங்கேயும் ஓட வேண்டியதில்லை என்பதே உடம்புக்குப் புதிதாக இருந்தது.

பதினோரு மணி இருக்கும். பாயிலிருந்து குரல் வந்தது.

"துணி எங்க வஜிஹா?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். முழங்கைக்கு அடியிலிருந்து இரண்டு கண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்க தூங்கலியா?"

"நேத்து எட்டு வாட்டி ஆடுச்சி" என்றார் அவர். "முந்தாநாள் ஏழு. இன்னும் ரெண்டுதான், அப்புறம் பத்துன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கிப் பாத்தா துணியே காணோம்."

இந்த மனிதர் இத்தனை நாளும் சரியாகத் தூங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருப்பதாக நான் நம்ப, படுத்தபடி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நேற்றைய எட்டில் இரண்டு கறிவேப்பிலை. ஒன்று காப்பித் தூள். இன்னொன்று, அக்காவின் மூக்குத்தித் திருகு விழுந்துவிட்டது, தேடித் தர வா என்று கூப்பிட்டது. ஃபோன் வந்தது நாலே தடவைதான். அதிலும் ஒன்று ராங் நம்பர்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

எழுந்து போய்த் துணியைப் பழையபடி கயிற்றில் கட்டினேன்.

"கட்டிட்டேன். நீங்க அந்தப் பக்கம் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுங்க. இனிமே எண்ணறது என் வேலை."

"சொல்லுவியா?"

"ஒவ்வொண்ணும் சொல்றேன். திரும்புங்க மொதல்ல."

முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தார். கடையை மூடியாச்சு என்று அக்கா யாரிடமாவது சொல்வதற்குள் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவரை விட்டு நகர முடியவில்லை. அவர் மூச்சு சீராகும் வரை பாய் ஓரமாகவே உட்கார்ந்திருந்தேன்.

"ஆடுச்சா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே, பாதித் தூக்கத்தில்.

"ஆடுச்சு" என்றேன்.

ஆடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.