சேமியா காய்ந்த பலகை

“அண்ணி, அண்ணனோட பலகையக் குடுங்க. அவரு மையத்தக் குளிப்பாட்டணும்.”

கொழுந்தன் நசுருதீன் கதவோரம் நின்று கேட்டான். மெஹபூப் பீ எழுந்திருக்கவில்லை.

“பள்ளிவாசல் பலகை இன்னாச்சிடா?” என்றாள் நாத்தனார் ஜாஹிதா பேகம்.

“சீயமங்கலத்துல யாரோ மவுத்தாயிட்டாங்கன்னு காலையிலயே எடுத்துக்கினு போயிட்டாங்கக்கா. பொழுது சாயறதுக்குள்ள, மஃரிபுக்கு முந்தி அடக்கணும்.”

அந்தப் பலகை இல்லாமல் அவள் புருஷன் மஜீத் கூரை ஏறியதில்லை. மில்லுகளுக்கும் கிடங்குகளுக்கும் சிமெண்டு ஷீட்டு மாற்றுவது அவன் வேலை. ஷீட்டுக்கு நடுவில் கால் வைத்தால் அப்பளந்தான் என்பான். கீழே ஓடும் இரும்புச் சட்டங்களின் மேல் பலகையைக் குறுக்கே போட்டு, அதில்தான் நடப்பான். அதைத் தோளில் சுமந்து கடைத்தெரு வழியாகப் போகும்போது, “மஜீது பாய் கட்டிலோட கெளம்பிட்டாரு” என்று கேலி செய்வார்கள். “வுழுந்தா நீயா தூக்கி வுடுவ?” என்று சிரித்துக்கொண்டே போவான்.

இன்று அது கொல்லையில் கிடந்தது. நோன்புப் பெருநாளுக்குச் சேமியா பிழிந்து, அகலமாக வேறெதுவும் இல்லையென்று அதன்மேல்தான் பரப்பியிருந்தாள். விடியற்காலையில் பஜ்ரு தொழுதுவிட்டு வந்தவன் துணியை விலக்கி விளிம்பைத் தொட்டான்.

“ஐயோ, கைய வெக்காதீங்க! ஈரமா இருக்குது, ஒட்டிக்கும். ஒரு நாளு அது இல்லாம ஏற முடியாதா?”

“கடலை மில்லுல ரெண்டு ஷீட்டு மாத்தணுமே.”

“ரெண்டே ரெண்டுதான?”

அவன் கொஞ்ச நேரம் நின்றான். அந்த நிற்றலைத்தான் இப்போது அவளால் தாண்டிப் போக முடியவில்லை. பிறகு துணியைப் பழையபடி இழுத்து மூடினான்.

“சரி, காயட்டும். ஆணி அடிச்ச வரிசைக்குக் கீழ சட்டம் இருக்கும், அதுலயே கால வெச்சி நடந்துக்கறேன். பெருநாளைக்கு எனக்கு ரெண்டு கிண்ணம் சேத்து வெச்சிடு.”

வாசலில் பொன்னுசாமி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மஜீதோடு வேலைக்குப் போகிறவன். காலையிலிருந்து அதையேதான் சொல்கிறான்.

“எங்க பாய் பலகைன்னு கேட்டேன். வூட்ல மறந்துட்டேன்பான்னாரு. ஆணி வரிசையிலதான் நடந்தாரு. நான் கீழேந்து ஷீட்டக் குடுத்தேன். அத வாங்க ஒரு கால் தள்ளி வெச்சாரு. அவ்ளோதான்.”

ஜாஹிதா பேகம் மூக்கைச் சிந்தினாள். “சோத்த மறப்பான், என்னியக்கூட மறப்பான். பலகைய எப்பிடிடீ மறந்தான் என் தம்பி?”

அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் மெஹபூப் பீயைப் பார்த்தார்கள்.

மறந்ததாகச் சொல்லியிருக்கிறான். அவள் தடுத்தது வெளியே தெரியாமல் பழியைத் தானே ஏற்றுக்கொண்டு ஏணியில் ஏறியிருக்கிறான்.

“நோன்பு இல்லியா…” என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. “மறந்திருப்பாரு.”

சொன்ன பிறகுதான் அவளால் எழ முடிந்தது. கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே ஜாஹிதாவின் வளையல் சத்தம் வந்தது. வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? துணியைத் தூக்கினாள். நாள் முழுக்க வெயில் குடித்துச் சேமியா நன்றாகக் காய்ந்திருந்தது.

ஜாஹிதா பேகம் சேமியாவைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் இருந்த முறத்தை எடுத்து வந்து, பலகையின் விளிம்புக்கு நேராகப் பிடித்தாள்.

மெஹபூப் பீ இரண்டு கைகளாலும் தள்ளினாள். சேமியா முறிந்து முறிந்து விழுந்தது. ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

நசுருதீனும் பொன்னுசாமியும் வந்து பலகையைத் தூக்கிப் போனார்கள். திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மஃரிபு பாங்கு சொன்னபோது ஆண்கள் அடக்கிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். ஜாஹிதா ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“நோன்பத் தொற.”

மெஹபூப் பீ லோட்டாவை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். கழுவிய பலகை கொல்லைச் சுவரில் சாய்ந்து நீர் வடித்துக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த வெடிப்பில் ஒரே ஒரு சேமியா இழை மாட்டி, ஊறி, வெள்ளையாகப் பருத்திருந்தது.